கல்லும் நதியும் – 11: இறந்தவர் பெயரில் ஓர் ஊர்

சென்ற வாரம் லிண்டிஸ்பார்ன் தீவில் நின்றிருந்தோம். 793-இல் வந்து கொள்ளையடித்துப் போன வைக்கிங்குகள் அதோடு விடவில்லை. வந்தார்கள், போனார்கள், மறுபடி வந்தார்கள். எண்பது வருடம் தாக்குப்பிடித்த துறவிகள் 875-இல் இனி முடியாது என்று மூட்டை கட்டினார்கள். அவர்கள் தூக்கிக்கொண்டு கிளம்பியவற்றில் முக்கியமானது ஒரு ஓக் மரச் சவப்பெட்டி. உள்ளே கத்பர்ட்.

கத்பர்ட் இறந்தது 687, மார்ச் 20. பார்ன் தீவுகளில் ஒன்றில் கடல் பறவைகளோடு தனியாகத் தவமிருந்த மனிதர். பதினோரு வருடம் கழித்து எலும்புகளை எடுத்து மரியாதையாக வைக்கலாம் என்று கல்லறையைத் திறந்தால், உடல் கெடாமல் அப்படியே இருந்ததாம். அன்றைக்கு ஆரம்பித்தது கதை. இங்கிலாந்தின் வடபகுதியில் அடுத்த எண்ணூறு வருட அரசியலில் பாதி, இந்த ஒரு உடலைச் சுற்றித்தான் நடந்தது. அதற்காகவே ஒரு நகரம் கட்டப்பட்டது. அந்த நகரம்தான் டர்ஹாம்.

லண்டனிலிருந்து எடின்பரோ போகும் ரயிலில் வடக்கு நோக்கிப் போனால், டர்ஹாம் நிலையத்தை நெருங்கும்போது ரயில் ஒரு உயரமான பாலத்தின் மேல் ஏறும். 1857-இல் திறந்த பாலம். கீழே ஓட்டு வீடுகள், எதிரே பாறைக் குன்று, அதன் உச்சியில் மூன்று கோபுரங்களோடு பேராலயம், அதன் பக்கத்திலேயே கோட்டை. ஊரின் அமைப்பு முழுவதும் இந்த இடத்திலேயே புரிந்துவிடும். வியர் என்ற ஆறு தெற்கிலிருந்து வந்து, குன்றின் மூன்று பக்கத்தையும் லாடம் மாதிரி சுற்றி வளைத்துக்கொண்டு போகிறது. நாலாவது பக்கம் மட்டும்தான் தரைவழி. அதிலும் குறுக்கே கோட்டையைக் கட்டிவிட்டார்கள். படையெடுத்து வருகிறவனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் தரும் இடம் இருக்க முடியாது.

ஆனால் துறவிகள் நேராக இங்கே வரவில்லை. ஏழெட்டு வருடம் வட இங்கிலாந்து முழுவதும் பெட்டியைச் சுமந்து அலைந்தார்கள். பிறகு செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்ற ஊரில் நூறு வருடத்துக்கு மேல் தங்கினார்கள். அங்கே இருந்தபோது 934-இல் ஏதல்ஸ்டன் மன்னர் வந்து பட்டும் பொன்னிழையுமாகத் தைத்த திருவுடைகளைக் காணிக்கை வைத்துவிட்டுப் போனார். 995-இல் மறுபடி டேனியர் பயம். மறுபடி பெட்டி தோளேறியது. ரிப்பன் வரை போய்ச் சில மாதம் இருந்து, ஆபத்து விலகியதும் திரும்பும் வழியில் பெட்டி நகர மறுத்தது. எத்தனை பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. மூன்று நாள் நோன்பும் பிரார்த்தனையும் நடந்தன. அப்புறம் ஒரு துறவியின் கனவில், டன்ஹோம் என்ற இடத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து ஒரு பால்காரப் பெண், காணாமல் போன தன் செம்பழுப்புப் பசுவைத் தேடிக்கொண்டு போகிறாள். இன்னொருத்தி, டன்ஹோம் பக்கம் பார்த்தேன் என்கிறாள். துறவிகள் பசுவைத் தேடிப் போனவளின் பின்னாலேயே டன்ஹோமுக்கு, அதாவது இன்றைய டர்ஹாமுக்கு, போய்ச் சேர்ந்தார்கள்.

பேராலயத்தின் வடக்குச் சுவரில் அந்தப் பசுவுக்கும் பெண்ணுக்கும் சிற்பம் இருக்கிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வரலாற்றை எழுதிய சிமியோன் என்ற டர்ஹாம் துறவி, பெட்டி நகராததையும் கனவையும் விவரமாகச் சொல்கிறார். பசுவைப் பற்றி மூச்சு விடவில்லை. பசு பின்னாளில் வந்து சேர்ந்தது. சிமியோனின் விவரத்தில் எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது வேறொன்று. புனிதர் தேர்ந்தெடுத்த அந்த இடம் ஆறு சூழ்ந்த பாறை. அந்தப் பகுதியின் பெரும் பிரபு உட்ரெட், பெட்டியோடு வந்த பிஷப்பின் மருமகன். காடு வெட்டி இடத்தைச் சுத்தம் செய்ய ஆட்களைத் திரட்டித் தந்தவர் அவர்தான். கத்பர்ட் கனவில் வந்தாரோ இல்லையோ, உட்ரெட்டுக்கு அந்தப் பாறையின் அருமை தெரிந்திருந்தது என்பது நிச்சயம்.

998-இல் வெள்ளை ஆலயம் என்ற கற்கோயில் எழுந்தது. பக்தர்கள் குவிந்தார்கள். மன்னர்கள் நிலம் எழுதி வைத்தார்கள். அந்த நிலமெல்லாம் யார் பெயரில்? பிஷப் பெயரில் அல்ல, மடத்தின் பெயரிலும் அல்ல. கத்பர்ட் பெயரில். கோயில் சொத்து சாமி பெயரில் இருப்பது நமக்குப் பழகிய விஷயம் என்பதால், இது நமக்குச் சட்டென்று புரிந்துவிடும். டைன், டீஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கும் நடுவே வாழ்ந்த குடிகளுக்கு 'புனிதரின் மக்கள்' என்றே பெயர். இறந்து முந்நூறு வருடமான ஒருவர் அவர்களுக்குப் பண்ணையார்.

இந்தப் பண்ணையாரிடம் 1069-இல் நார்மன்கள் மோதினார்கள். இங்கிலாந்தைப் பிடித்து மூன்றாவது வருடம். வடக்கு இன்னும் அடங்கவில்லை. வில்லியம் மன்னர், ராபர்ட் டி கோமின் என்பவரை நார்தம்பிரியாவுக்குத் தலைவராக்கிச் சில நூறு வீரர்களோடு அனுப்பினார். ஜனவரிக் குளிர். போகாதே, உயிருக்கு ஆபத்து என்று டர்ஹாம் பிஷப்பே வழியில் எச்சரித்தார். கோமின் கேட்கவில்லை. அவருடைய ஆட்கள் ஊருக்குள் புகுந்து அகப்பட்டதைச் சூறையாடினார்கள். மறுநாள் விடியும்போது வடக்கத்தியர்கள் வாயிற்கதவுகளை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள். தெருக்களில் அநேகமாக ஒருவரும் தப்பவில்லை. கோமின் ஒளிந்திருந்த பிஷப்பின் வீட்டுக்கே தீ வைத்தார்கள். அதற்குப் பழிவாங்க வில்லியம் 1069-70 குளிர்காலத்தில் வடக்கே நடத்திய எரிப்பும் அழிப்பும் இங்கிலாந்து வரலாற்றின் கறுத்த பக்கங்களில் ஒன்று. ஊர் ஊராக எரித்தார், கலப்பையையும் விதை தானியத்தையும் கூட விடவில்லை. பட்டினியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை.

1072-இல் வில்லியம் தாமே டர்ஹாம் வந்தார். சிமியோன் சொல்லும் சம்பவம் இது: உடல் உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் பெரிய தலைகள் அத்தனையும் உருளும் என்று மன்னர் மிரட்டினார். எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று மன்னருக்கு உடம்பெல்லாம் அனல் பறந்தது. பரிமாறியிருந்த விருந்தைக்கூடத் தொடாமல் குதிரையேறியவர், டீஸ் ஆற்றைத் தாண்டும்வரை கடிவாளத்தை இழுக்கவில்லையாம். எழுதியவர் கத்பர்ட்டின் துறவி, கட்சி கட்டாமல் எப்படி எழுதுவார்? ஆனால் வில்லியம் அங்கே கோட்டை கட்ட உத்தரவிட்டார் என்பதும், கத்பர்ட்டின் சொத்தில் கை வைக்கவில்லை என்பதும் உண்மை. வடக்கே ஸ்காட்லாந்து எல்லையைக் காக்க அவருக்கு ஒரு ஆள் வேண்டும். பிரபுவை வைத்தால் வாரிசு வரும், பரம்பரை வரும், கலகம் வரும். பிஷப்புக்கு அந்தத் தொல்லை இல்லை; அவர் போனால் அடுத்தவரை மன்னரே நியமிக்கலாம். இப்படி உருவானவர்கள்தான் டர்ஹாமின் 'இளவரசப் பிஷப்புகள்'. சொந்த நீதிமன்றம், சொந்தப் படை, சொந்த நாணயச்சாலை, சொந்த வரி. ஒரு கையில் செங்கோல், இன்னொரு கையில் வாள். சட்டப்படி இந்த அதிகாரத்தின் மிச்சசொச்சம் முடிவுக்கு வந்தது 1836-இல்தான் என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது.

நார்மன் பிஷப்புகளில் வில்லியம் செயின்ட் கலே முக்கியமானவர். அதுவரை கத்பர்ட்டின் பெட்டியைக் காத்துவந்தவர்கள் குடும்பஸ்தர்கள். பெட்டி சுமந்தவர்களின் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசிய, மனைவி மக்கள் உள்ள குருமார்கள். 1083-இல் பிஷப் அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: பெண்டாட்டியை விட்டுவிட்டுத் துறவியாகுங்கள், இல்லையென்றால் வெளியே போங்கள். ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் ஏற்கெனவே துறவியாகியிருந்த தன் மகன் கெஞ்சியதால் இருந்தார். மற்ற எல்லோரும் வீடு போய்விட்டார்கள். ஜாரோ, வியர்மவுத் மடங்களிலிருந்து 23 துறவிகள் அவர்கள் இடத்துக்கு வந்தார்கள்.

இதற்குப் பிறகுதான் கத்பர்ட்டுக்குப் பெண்களையே பிடிக்காது என்ற கதை முளைக்கிறது. பேராலயத்துக்குள் மேற்குக் கோடியில் தரையில் ஒரு கறுப்புக் கல் கோடு பதித்திருக்கிறார்கள். உள்ளூரில் கிடைக்கும் பிராஸ்டர்லி என்ற கல். உற்றுப் பார்த்தால் கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாகப் பவள உயிரிகளின் புதைபடிவம் தெரியும். பெண்கள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அக்கால விதி. 1333-இல் மூன்றாம் எட்வர்டின் ராணி பிலிப்பா, மடத்தலைவர் மாளிகையில் கணவரோடு படுத்திருந்தபோது, புனிதர் கோபிப்பார் என்று துறவிகள் வந்து எழுப்பினார்கள். ராணி உள்ளாடையோடு இரவில் கோட்டைக்கு நடந்து போனார். இங்கிலாந்து ராணிக்கே இந்தக் கதி.

உயிரோடிருந்த கத்பர்ட்டுக்கு இது தெரிந்தால் திகைத்துப்போவார். அவருடைய வாழ்க்கையை எழுதிய பீட், மடத்தலைவிகளோடு அவருக்கிருந்த நட்பை ஒளிக்காமல் சொல்கிறார். ஏல்ஃபிளேட் அவரிடம் ஆலோசனை கேட்டவர். வெர்கா என்ற மடத்தலைவி கொடுத்த துணியை, 'இதை என் சவத்துக்குச் சுற்றுங்கள்' என்று பத்திரப்படுத்தி வைத்தவர் கத்பர்ட். மனைவியுள்ள குருமார்களைத் துரத்தியவர்கள், அதற்கு நியாயம் தேடிப் புனிதரின் குணத்தையே மாற்றிவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். இறந்தவரால் மறுக்க முடியாதல்லவா.

செயின்ட் கலே வெள்ளை ஆலயத்தை இடித்தார். 1093, ஆகஸ்ட் 11 அன்று புதிய பேராலயத்துக்கு அடிக்கல். நாற்பதே வருடத்தில், 1133-க்குள், முக்கியமான பகுதி முழுவதும் முடிந்துவிட்டது. அந்தக் காலத்துக்கு இது அசுர வேகம். எப்படி முடிந்தது என்பதற்குத் தூண்களின் அருகே போய் நின்றால் ஒரு பதில் கிடைக்கும். நடுமண்டபத்தின் உருண்டைத் தூண்கள் ஒவ்வொன்றும் 6.6 மீட்டர் உயரம். சுற்றளவும் அதே 6.6 மீட்டர். ஒன்றில் சாய்சதுரக் கட்டங்கள், ஒன்றில் வளைந்து வளைந்து போகும் கோடு, ஒன்றில் செங்குத்து வரிகள், கிழக்கே சுருள். சுருள் தூணை விரலால் தடவிப் பார்த்தேன். கல்லுக்கும் கல்லுக்கும் இணைப்பு வருகிற இடத்தில் வெட்டு பிசிறாமல் அடுத்த கல்லுக்குத் தாவுகிறது. தூணை நிறுத்திவிட்டு மேலே செதுக்கிய வேலை இல்லை இது. கற்களை ஒரே அளவில், ஒரே வார்ப்பில் கீழேயே செதுக்கி, பிறகு அடுக்கியிருக்கிறார்கள். ஒரு சில மாதிரிகளை வைத்துக்கொண்டு முழுத் தூணும் எழுந்துவிடும்.

அண்ணாந்து பார்த்தால் இன்னொரு புதுமை. அதுவரை இவ்வளவு அகலமான ஆலயங்களுக்குப் பெரும்பாலும் மரக்கூரைதான், தீப்பிடித்தால் தீர்ந்தது. டர்ஹாமில் கல்லாலேயே கூரை போட்டார்கள். மூலைக்கு மூலை குறுக்காகக் கல் விலாக்களை வளைத்து, நடுவே உள்ள இடத்தை மெல்லிய கற்களால் மூடினார்கள். முதலில் போட்ட கிழக்குப் பகுதிக் கூரை விரிசல் விட்டதால் 13-ஆம் நூற்றாண்டில் மாற்ற வேண்டியதாயிற்று. நடுமண்டபத்துக்கு வரும்போது கல்தச்சர்கள் பாடம் கற்றிருந்தார்கள். அரைவட்ட வளைவில் ஒரு தொல்லை உண்டு: அகலம் இவ்வளவு என்றால் உயரம் அதில் பாதி, அதை மாற்ற முடியாது. நுனி கூர்ந்த வளைவானால் அகலம் எதுவானாலும் உயரத்தை வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம். டர்ஹாமின் நடுமண்டபத்தில் குறுக்கு வளைவுகள் கூர்மையானவை. பின்னால் பிரான்சில் 'கோதிக்' என்ற பெயரில் வானளாவி நின்ற பேராலயங்களுக்கு வேண்டிய உறுப்புகள் பலவும் இங்கே தயாராக இருக்கின்றன, கனத்த நார்மன் உடம்புக்குள் ஒளிந்துகொண்டு.

இதைக் கட்டி முடித்ததில் பெரும் பங்கு அடுத்த பிஷப் ரானல்ப் பிளாம்பார்டுக்கு. ஆள் லேசுப்பட்டவர் இல்லை. மன்னருக்காக வரி கறந்து கறந்து ஊர் வெறுப்பைச் சம்பாதித்தவர். மன்னர் மாறியதும் லண்டன் டவரில் அடைத்தார்கள். 1101-இல் மது ஜாடிக்குள் கயிறு வரவழைத்து, காவலர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியே இறங்கித் தப்பினார். டவரிலிருந்து தப்பியவர்களில் முதல் ஆள் இவர்தான். மீண்டும் பதவிக்கு வந்து டர்ஹாமில் பாலம் கட்டினார், மண்டபம் எழுப்பினார். கோட்டைக்கும் பேராலயத்துக்கும் நடுவே இருந்த குடிசைகளை நெருப்பு பயம், அசுத்தம் என்று சொல்லி அப்புறப்படுத்தினார். இன்று சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடும் அந்தப் பசும்புல் சதுக்கம், அப்படிக் காலி செய்யப்பட்ட குடியிருப்பு. குன்றின் மேலே புனிதர், கீழே சனங்கள் என்ற ஏற்பாடு அன்றைக்கு உறுதியானது.

1104-இல் கத்பர்ட்டைப் புதிய கோயிலுக்கு மாற்றும் முன், துறவிகள் இரவில் ரகசியமாகப் பெட்டியைத் திறந்தார்கள். உடல் கெடாமல் இருப்பதாக அவர்கள் சொன்னதை மற்றவர்கள் நம்பவில்லை. வெளியாள் ஒருவர் சாட்சி வேண்டும் என்று நார்மண்டியின் சே மடத்தலைவர் ரால்பைக் கூப்பிட்டார்கள். அவர் தலையை அசைத்துப் பார்த்து, காதைப் பிடித்துப் பார்த்து, உண்மைதான் என்று சான்று கொடுத்தார். பெட்டிக்குள் கையடக்கமான ஒரு நூலும் கிடைத்தது: தோல் அட்டையோடு யோவான் நற்செய்தி, 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. ஐரோப்பாவில் அட்டை முதல் ஏடு வரை சிதையாமல் மிஞ்சிய மிகப் பழைய நூல் அதுதான். 2012-இல் பிரிட்டிஷ் நூலகம் அதை 90 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது.

வடக்கு வாசலில் ஒரு வெண்கல அரக்கன் முகம், வாயில் வளையம். இப்போது தொங்குவது நகல். 12-ஆம் நூற்றாண்டு அசல் உள்ளே காட்சிக்கூடத்தில். அக்காலத்தில் கொலை செய்துவிட்டு ஓடிவருபவன் இந்த வளையத்தைத் தட்டினால் போதும். உள்ளே சேர்த்துக்கொண்டு, இடது தோளில் மஞ்சள் சிலுவை தைத்த கறுப்பு அங்கி கொடுத்து, 37 நாள் சோறும் போடுவார்கள். அதற்குள் சமாதானம் பேசிக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் நாட்டை விட்டே போய்விட வேண்டும். 1464 முதல் 1524 வரை 331 பேர் தட்டியதாகப் பதிவேடு சொல்கிறது. பெரும்பாலும் கொலைக் கேஸ்கள்.

எட்டாம் ஹென்றி காலத்தில் புனிதர்களுக்கே அடைக்கலம் இல்லாமல் போயிற்று. 1530-களின் கடைசியில் அரசாங்க ஆட்கள் வந்து கல்லறையின் பொன்னையும் மணியையும் பிடுங்கினார்கள். பொற்கொல்லன் ஒருவன் சம்மட்டியால் பெட்டியை உடைக்கும்போது கத்பர்ட்டின் கால் எலும்பும் சேர்ந்து முறிந்தது. உள்ளே இருந்தது எலும்புக்கூடு இல்லை, முழு உடல், இரண்டு வாரத் தாடியோடு என்று உள்ளூர்க்காரர்கள் எழுதி வைத்தார்கள். மடம் 1539-இன் கடைசி நாளில் கலைக்கப்பட்டது. உடலைப் பழைய இடத்திலேயே சாதாரணக் கல்லுக்கடியில் புதைத்தார்கள். அதன் பிறகு, அங்கே புதைத்தது வேறு யாரையோ, உண்மையான உடல் இருக்கும் இடம் பெனடிக்ட் சபைத் துறவிகள் சிலருக்கு மட்டும் தெரியும் என்று கத்தோலிக்கர்கள் ரகசியமாகச் சொல்லிக்கொண்டார்கள். 1827-இல் ஜேம்ஸ் ரெய்ன் என்ற நூலகர், இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று கல்லைப் பெயர்த்தார். எலும்புக்கூடு இருந்தது. கூடவே நார்தம்பிரியாவின் பழைய மன்னர் ஆஸ்வால்டின் மண்டை ஓடு, ஏதல்ஸ்டன் கொடுத்த பட்டு, ஓக் பலகைகள். உடைகளின் மடிப்புக்குள் இத்தனை நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் 6 சென்டிமீட்டர் அளவில் ஒரு தங்கச் சிலுவை, சிவப்புக் கற்கள் பதித்தது. உடைந்து ஒட்டுப்போட்ட தடம் அதில் இருக்கிறது. உயிரோடிருந்தபோது கழுத்தில் போட்டிருந்ததுதான் போலும்.

இந்தப் பேராலயத்தில் புனிதர்கள் மட்டும் படுத்திருக்கவில்லை. 1650, செப்டம்பர் 3 அன்று டன்பாரில் ஸ்காட்லாந்துப் படையைக் குரோம்வெல் நொறுக்கினார். பிடிபட்டவர்களை நூறு மைல் நடத்திக் கொண்டுவந்தார்கள். மார்பெத்தில் ஒரு தோட்டத்தில் அடைத்தபோது, பசி தாங்காமல் முட்டைக்கோஸை வேரோடு பிடுங்கிப் பச்சையாகத் தின்றார்கள். வயிற்றுக்கடுப்பு பரவியது. சுமார் 3,000 பேரைப் பேராலயத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அவர்களில் சுமார் 1,700 பேர் செத்துப்போனார்கள். குளிருக்கு அவர்கள் மர வேலைப்பாடுகளையெல்லாம் எரித்ததாகவும், ஸ்காட்லாந்தின் சின்னமான முட்செடி செதுக்கியிருந்ததால் பழைய கடிகாரத்தை மட்டும் விட்டுவைத்ததாகவும் வழிகாட்டிகள் சொல்வார்கள். பொறுப்பிலிருந்த ஹேசல்ரிக் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்திலோ, தினமும் நிலக்கரி கொடுத்தேன், இரவும் பகலும் நூறு இடத்தில் நெருப்பு எரிந்தது என்று இருக்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியவர்தான். இருந்தாலும் கடிகாரக் கதையைவிட அவர் கணக்கில் எனக்குச் சந்தேகம் குறைவு. நிலக்கரிக்கு டர்ஹாமில் என்ன பஞ்சம்? செத்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்பது 2013 வரை தெரியவில்லை. பேராலயத்துக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகம் ஒரு கஃபேக்காகத் தோண்டியபோது எலும்புகள் அகப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்றாக இளைஞர்கள். உயிர்பிழைத்தவர்களில் 150 பேரை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி, மாசசூசெட்ஸ் பக்கம் இரும்பாலையிலும் மர ஆலைகளிலும் வேலைக்கு விற்றார்கள்.

நிலக்கரி என்று சொன்னேன். கத்பர்ட்டின் நிலத்தில் மேலே விளைந்ததைவிட அடியில் கிடந்தது அதிகம். பிஷப்பும் பேராலய நிர்வாகமும் சுரங்க உரிமைத்தொகை வாங்கிச் செழித்தார்கள். பெரிஹில் பக்கத்தில் ஒரு சுரங்கத்துக்குப் பெயரே பேராலய நிர்வாகத்தின் பெயர். 1832-இல் டர்ஹாம் பல்கலைக்கழகம் பிறந்ததும் இந்தச் செல்வத்தில்தான்; இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று பாராளுமன்றம் கேட்கும் முன்பே கல்விக்குக் கொடுத்துவிட்டார்கள். பிஷப்பின் கோட்டை இன்று மாணவர் விடுதி. முதலாம் உலகப் போருக்கு முந்தைய வருடம் டர்ஹாம் மாவட்டச் சுரங்கங்களில் சுமார் 1,65,000 பேர் வேலை பார்த்தார்கள்.

ஊர்ச் சந்தைச் சதுக்கத்தில் குதிரைமேல் ஒரு பெரிய மனிதர் சிலை, 1861-இல் வைத்தது. மூன்றாம் லண்டன்டெரி பிரபு, சுரங்க முதலாளி. பெண்களையும் சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்று 1842-இல் சட்டம் வந்தபோது மேல்சபையில் மூர்க்கமாக எதிர்த்தவர். 1844 வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகளை வீட்டைவிட்டு வெளியேற்றி, அவர்களுக்குக் கடன் கொடுக்கும் கடைக்காரர்களையும் மிரட்டியவர்.

அந்தத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் வருடத்தில் ஒரு நாள் ஊரையே எடுத்துக்கொண்டார்கள். 1871-இல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் பெருவிழா. இன்றைக்கும் ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை. ஒவ்வொரு சுரங்க ஊரும் தன் பித்தளை வாத்தியக் குழுவோடு, இரண்டு கழிகளுக்கு நடுவே காற்றில் புடைக்கும் பெரிய பட்டுக் கொடியோடு, குறுகலான எல்வெட் பாலத்தைத் தாண்டி ஆற்றோர மைதானத்துக்கு வரும். அந்த வருடம் சுரங்கத்தில் சாவு விழுந்திருந்தால் கொடியின் மேல் கறுப்புத் துணி. 1951-இல் ஈசிங்டன் வெடிவிபத்தில் 83 பேர் இறந்தார்கள். அந்த வருடம் ஈசிங்டன் கொடி அப்படித்தான் வந்தது.

குன்றின் மேலிருப்பவர்களோடு இவர்களுக்கு உறவு சீராக இருந்ததில்லை. 1892-இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தை பிஷப் வெஸ்ட்காட் இரு தரப்பையும் தன் மாளிகைக்கு அழைத்துப் பேசி முடித்துவைத்தார். அவருக்குத் தொழிலாளிகள் மரியாதை கொடுத்தார்கள். பின்னாளில் பிஷப்பாக வந்த ஹென்சன் நேர்மாறு, வேலைநிறுத்தக்காரர்களைத் திட்டிப் பேசுவார், எழுதுவார். 1925 விழாவில் ஒரு பாதிரியார் மைதானத்தில் தென்பட்டதும், ஹென்சன்தான் வந்துவிட்டார் என்று கூட்டம் பாய்ந்து, வியர் ஆற்றில் தள்ளப் பார்த்தது. போலீஸ் படகு வந்து காப்பாற்றியது. அகப்பட்டவர் பேராலயத்தின் தலைமைக் குரு வெல்டன். முன்னால் கல்கத்தாவில் பிஷப்பாக இருந்தவர். அதற்கும் முன் ஹாரோ பள்ளியில் சர்ச்சிலுக்குத் தலைமையாசிரியர். பாவம், அன்று மதுவிலக்குப் பற்றிப் பேசப் போயிருந்தார்.

ஆனாலும் விழா நாளில் பிற்பகல் புதிய கொடிகள் குன்றேறும். வாத்தியக் குழு மெதுவான ராகத்தில் வாசித்தபடி அந்தப் பருத்த தூண்களுக்கு நடுவே நடந்துவர, பிஷப் கொடிகளை ஆசீர்வதிப்பார். உள்ளே தெற்குப் பக்கச் சுவரில் சுரங்கத்தில் இறந்தவர்களுக்கு 1947-இல் வைத்த நினைவுச் சின்னம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு சுரங்க விளக்கு. பழைய டர்ஹாம் மாவட்டத்தின் கடைசி ஆழ்சுரங்கம் 1993-இல் மூடப்பட்டுவிட்டது. சுரங்கமே இல்லாத ஊர்கள் இன்னும் பணம் திரட்டிப் புதுக் கொடி தைக்கின்றன. அவையும் லண்டன்டெரியின் குதிரையைத் தாண்டித்தான் போகின்றன.

அந்தக் கடைசிச் சுரங்கம் இருந்தது வியர் ஆறு கடலில் கலக்கும் மங்க்வியர்மவுத்தில். 674-இல் எழுந்த மடத்தில் சிறுவன் பீட் படித்ததும் அங்கேதான். சுரங்கத்தின் இடத்தில் இப்போது சண்டர்லேண்ட் அணியின் கால்பந்து மைதானம். அடுத்த வாரம் ஆற்றோடு அங்கே இறங்குவோம்.

(தொடரும்)